பன்னிரண்டாம் வகுப்பு இல்லாத வீடு

1

இந்தப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்திருக்க வேண்டும். இடது பக்கம் தமிழ்நாடு, வலது பக்கம் மலேசியா, நடுவில் ஒரு கோடு. பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கு எந்த அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை, ஆசிரியர்கள் அறையில் டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும். கேட்டவருடைய நிபந்தனை அது.

கேட்டவர் என் தங்கை சாந்தி. திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இயற்பியல் எடுக்கிறாள். உங்கள் கையில் இருக்கும் இந்த ஆசிரியர் சங்க ஆண்டு மலருக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணே, மலேசியாவுல பிளஸ் டூவுக்கு கவர்மென்ட் எவ்வளவு செலவு பண்ணுதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடு. நம்ம ஊரோட ஒப்பிட்டு."

"எது அதிகம்னு பார்க்கணுமே."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? அங்கதான் அதிகம். அப்படித்தான் எழுதணும். கோரிக்கை மாநாட்டுக்கு முன்னாடி மலர் வருது."

ஆய்வின் முடிவு கைக்கு வந்துவிட்டது. ஆய்வு மட்டும்தான் பாக்கி. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு வசதி செய்து தரமாட்டார்கள்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பினாங்கில் இருக்கிறேன். வீடு கெலுகோரில்; வேலை கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில், ஏர்கண்டிஷனர்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். எந்தப் பாகம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று திட்டமிடுவது என் பொறுப்பு. அது அந்தத் தேதியில் ஏன் வரவில்லை என்று விளக்குவதும் என் பொறுப்பு. கல்வித் துறையோடு எனக்கிருக்கும் தொடர்பு, தினமும் காலையில் பல்கலைக்கழக வாசல் நெரிசலில் இருபது நிமிடம் காருக்குள் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். சாந்திக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

2

அட்டவணையின் முதல் வரியிலேயே விழுந்தேன். மலேசியாவில் பன்னிரண்டாம் வகுப்பு கிடையாது.

ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். அப்புறம் இடைநிலைப் பள்ளி, அதில் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை. ஆறும் ஐந்தும் பதினொன்று. ஐந்தாம் படிவத்தின் கடைசியில் எஸ்.பி.எம். என்றொரு அரசுத் தேர்வு. அதோடு பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்துபோகிறது. சிலர் மெட்ரிகுலேஷன் என்கிற ஒரு வருடப் புகுமுகக் கல்லூரிக்கும், சிலர் டிப்ளோமாவுக்கும், காசிருப்பவர்கள் தனியார் கல்லூரிக்கும் போகிறார்கள். பள்ளிச் சீருடையை விட மனம் வராத கொஞ்சம் பேர் மட்டும் ஆறாம் படிவம் என்று இன்னும் ஒன்றரை வருடம் படிக்கிறார்கள். அதை முடித்தவர்கள் கணக்குப்படி பன்னிரண்டைத் தாண்டி, பதிமூன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இதைத் தங்கைக்கு விளக்க முயன்றேன்.

"பதினொண்ணோட ஸ்கூல் முடிஞ்சிடுது சாந்தி."

"அப்ப பன்னெண்டு?"

"பன்னெண்டு இல்ல."

"பன்னெண்டு இல்லாம பதிமூணு எப்படிண்ணே வரும்?"

"பாதிப் பேருக்கு அதுவும் வராது. நேரா டிப்ளோமா."

"நீ எழுத மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. இப்படியெல்லாம் சாக்குச் சொல்லாத."

அரசு அறிக்கைகளைத் தோண்டினேன். நம் பக்கத்து அறிக்கையில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. இந்தப் பக்கத்து அறிக்கையில் ஒன்று முதல் ஐந்தாம் படிவம் வரை ஒரு மூட்டை. ஆறாம் படிவம் தனியாக, எந்த மூட்டையிலும் சேராமல், ரயிலடியில் சொந்தக்காரரைத் தவறவிட்ட பெட்டியைப் போலக் கிடந்தது. அங்கே கொடுக்கிற சைக்கிள் வேறொரு துறையின் செலவு, மடிக்கணினி இன்னொரு துறையின் செலவு. இங்கே மெட்ரிகுலேஷன் கல்லூரி மாணவருக்குக் கைச்செலவுக்குத் தருகிற படிக்காசைப் பள்ளிச் செலவில் சேர்ப்பதா, கல்லூரிச் செலவில் சேர்ப்பதா என்று எனக்குச் சொல்வாரில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதில் போயின.

எண்களை விட்டுவிட்டுப் பொருள்களை ஒப்பிடலாம் என்று இறங்கினேன். உதாரணத்துக்குப் பாடப்புத்தகம். நம் ஊரில் அரசு புத்தகத்தைக் கொடுத்தால் கொடுத்ததுதான். அது பிள்ளையின் சொத்து. மீசை வரையலாம், அட்டையைக் கிழிக்கலாம், ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். இங்கே இரவல். உள் அட்டையில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அந்தப் புத்தகத்தை முன்னால் வைத்திருந்த பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வருடக் கடைசியில் அலுங்காமல் திருப்பித் தர வேண்டும். இது தெரியாமல் என் மகளின் வேதியியல் புத்தகத்தில் ஒரு வருடம் முழுக்க நான் பேனாவால் அடிக்கோடு போட்டுத் தமிழில் விளக்கம் எழுதிவைத்தேன். திருப்பித் தரும் நாளில் அவள் பள்ளியில் நின்ற நிலையை எழுதாமல் விடுகிறேன். அந்தப் புத்தகம் இப்போது ஏதோ ஒரு பிள்ளையிடம், 'இது கட்டாயம் வரும்' என்ற என் கையெழுத்தோடு பினாங்கில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தையும் எடுத்துக்கொண்டேன். சாந்தியின் பள்ளியில் ஸ்க்ரூ கேஜ் மூன்று, பிள்ளைகள் எழுபது. ஒரு கம்பியின் விட்டத்தை அளக்க ஒருவன் திருகினால் இருபது பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"இங்க ஆறாம் படிவத்துல சேர்றதுக்கு ஏதோ கொஞ்சம் வெள்ளிதான் கட்டணும்" என்று ஒரு நாள் அவளிடம் சொன்னேன்.

"வெள்ளியா? வெள்ளி விக்கிற விலையில அதையா வாங்குறாங்க?"

ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். சொல்லிச் சொல்லி எனக்கு அது பணமாகிவிட்டது. அவளுக்கு இன்னும் கொலுசு. இப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் வீதம் எங்கள் ஆராய்ச்சி நடந்தது.

நடுவில் ஒரு விஷயம் இடறியது. நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவன். பொறியியலுக்கு அரசுக் கல்லூரியில் இடம் சொற்ப மதிப்பெண்ணில் தவறி, தனியாரில் போய்ச் சேர்ந்தேன். ஆக, என்மேல் தமிழ்நாட்டு அரசு செலவழித்தது பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் அதுவரைக்கும் சாக்பீஸிலிருந்து பொதுத்தேர்வு விடைத்தாள்வரை கட்டிச் சேர்த்துத் தயாரித்த ஒருவனை, மலேசியா ஒரு பைசா தராமல் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டது. இப்போது இந்த அரசு பதினொரு வருடம் செலவழித்து என் மகளைப் படிக்க வைத்திருக்கிறது. அவளை எப்படியாவது இந்தியாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நான் மனசுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறேன். இதை அட்டவணையில் எந்தப் பக்கம் எழுதுவது?

3

மகள் பெயர் தர்ஷினி. பதினெட்டு வயது. எஸ்.பி.எம்.மில் நன்றாகவே வாங்கியிருந்தாள். முடிவு வந்த சில வாரங்களில் அவளே கணினியில் விண்ணப்பித்து, அவளே பதிலையும் வாங்கிவிட்டாள்.

"பா, போலிடெக்னிக் கிடைச்சிருச்சு. டிப்ளோமா. குளிர்பதனமும் ஏர்கானும்."

"அதுக்குப் படிப்பு வேற இருக்கா?"

"நீங்க வேலை செய்யறதே ஏர்கான் கம்பெனிதானே."

"நான் பேப்பர்ல பாகத்தை மட்டும் பார்க்கிறவன். ஸ்க்ரூடிரைவர் பிடிச்சதில்ல."

"அதான் நம்ம ஹால் ஏர்கான் மூணு மாசமா தண்ணி கொட்டுது."

அடுக்களையிலிருந்து என் மனைவி கமலா சிரித்தாள். "நல்லா கேட்டா லா."

கமலா பிறையில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் படிவம் முடித்து, ஒரு சான்றிதழ்ப் படிப்பு படித்து, மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இன்று நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர். பதவியிலும் சம்பளத்திலும் என்னைவிட ஒரு படி மேலே இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. இந்த வீட்டில் அதைக் கண்டவன் நான் ஒருவன்தான். பார்த்த பேயைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி நான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன்.

"அவ பன்னெண்டாவது படிக்காம போறாளே" என்றேன்.

"நான்கூடத்தான் படிக்கல. உங்களுக்குச் சோறு வேகலையா?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதற்கும் இங்கே ஏதோ தனிப் பயிற்சி தருகிறார்கள் போலிருக்கிறது.

என் கலவரத்துக்குக் காரணம் வேறு. மதுரையில் ஒரு கல்லூரியில் முன்பே விசாரித்திருந்தேன். எஸ்.பி.எம். தேர்வை இந்தியாவில் பத்தாம் வகுப்புக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். பதினொரு வருடம் படித்தது அங்கே போனால் பத்தாகிவிடும்; ஒரு வருடம் கடலில் விழுந்துவிடும். ஆறாம் படிவம் முடித்தால் மட்டுமே பிளஸ் டூவுக்குச் சமம், கல்லூரிக் கதவு திறக்கும். ஆக, இவள் நேராக டிப்ளோமாவுக்குப் போனால் இந்தியக் கல்லூரிக் கதவு மூடிக்கொள்ளும்.

மூடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கமலா அதைத்தான் கேட்டாள். என் மனசில் ஒரு திட்டம் இருந்தது. மகள் மதுரையில் கல்லூரியில் சேருவாள். அவளைப் பார்க்க அடிக்கடி போவோம். ஒரு வாடகை வீடு எடுப்போம். மெல்ல அங்கேயே தங்கிவிடுவோம். பதினெட்டு வருடமாக இந்தத் திட்டத்தை அங்குலம் அங்குலமாகச் செதுக்கிவந்தேன். செதுக்குகிற மும்முரத்தில் வீட்டில் யாரிடமும் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மகள் டிப்ளோமாவுக்குப் போகப் போவதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் அழாத குறை.

"என்னண்ணே இது, பிளஸ் டூ டீச்சரோட மருமக பிளஸ் டூ படிக்கலைன்னு நான் ஸ்டாஃப் ரூம்ல எப்படிச் சொல்லுவேன்? அவளை ஆறாம் படிவத்துல சேர்த்துவிடு. அப்புறம் நான் பார்த்துக்கிறேன்."

4

இதற்குள் இன்னொன்று நடந்தது. ஆறாம் படிவத்துக்குத் தகுதியான பிள்ளைகளுக்கு இங்கே அரசாங்கமே இடம் ஒதுக்கிவிடுகிறது. ஐசி என்கிற அடையாள அட்டையின் எண்ணைத் தட்டினால் எந்தப் பள்ளி என்று வருகிறது. நான் சும்மா தட்டிப் பார்த்தேன். தர்ஷினியின் பெயரும், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் ஒரு பள்ளியின் பெயரும் வந்தன. யாரும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. இடம் அதுபாட்டுக்குக் காத்திருந்தது.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த கதை வேறு. முதல் குரூப்புக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. என் அப்பா அரசுப் பேருந்து நடத்துநர். இரவுப் பணி முடித்த காக்கிச் சட்டையோடும் தோல் பையோடும் தலைமை ஆசிரியர் அறை வாசலில் காலையிலிருந்து நின்றார். "வகுப்பு நிறைஞ்சு போச்சுங்க, இடமே இல்லை" என்றார் தலைமை ஆசிரியர். அப்பா பழக்க தோஷத்தில், "எல்லாரும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்தா ஒரு ஆளுக்கு இடம் வந்துரும் சார்" என்றார். தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். இடம் வந்தது. இரண்டு வருடமும் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கத்தான் படித்தேன்.

அப்படிப்பட்டவன் ஒரு காலி இடத்தைக் கண்டால் என்ன செய்வான்? துண்டு போடுவான். பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ எறிந்து இடம் பிடிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். நமக்கு அந்தப் பேருந்தில் போக வேண்டுமா என்பது அடுத்த யோசனை. அப்பாவுக்கு மட்டும் இந்தப் பழக்கம் ஆகாது. "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டு எடுத்து வீசிவிடுவார். அவர் பேச்சை நான் எப்போது கேட்டேன்?

பதிவு நாளான திங்கட்கிழமை லீவு போட்டேன். தர்ஷினி அப்போது ஒரு பேரங்காடியில் ரொட்டிக் கடையில் தற்காலிக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கிளம்பியதும் அவளுடைய சான்றிதழ் நகல், இரண்டு புகைப்படம், ஒதுக்கீட்டுத் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மண்டபத்தில் பிள்ளைகள் பெற்றோரோடு வந்திருந்தார்கள். பிள்ளை இல்லாமல் வந்த ஒரே பெற்றோர் நான்.

பதிவு மேசையில் இருந்தவர் புஷ்பா டீச்சர். இயற்பியல் ஆசிரியை என்று மேசையில் இருந்த அட்டை சொன்னது. தமிழ் முகத்தைக் கண்டதும் மலாயைக் கைவிட்டார்.

"அண்ணே, பிள்ளை எங்க?"

"காய்ச்சல் டீச்சர்."

"அலாமா! என்ன பிரிவு? கலையா, அறிவியலா?"

"அறிவியல். இயற்பியல்."

டீச்சரின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"நிஜமாவா? இதுவரைக்கும் பதினோரு பேர்தான்ணே வந்திருக்காங்க. எல்லாம் மெட்ரிகுலேஷன், டிப்ளோமான்னு ஓடிடுதுங்க. ரொம்பக் கொறைஞ்சா நம்ம வகுப்பை வேற ஸ்கூலோட சேர்த்துருவாங்கன்னு பேச்சு இருக்கு. எங்க லேப் நல்ல லேப். மைக்ரோமீட்டர் புதுசா வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காம கிடக்கு. பன்னெண்டுன்னு எழுதிக்கிறேன். காய்ச்சல் விட்டதும் அனுப்பி வைங்க லா."

மைக்ரோமீட்டர் என்பது நம் ஸ்க்ரூ கேஜ்தான். இங்கே பெட்டி பிரிக்க ஆளில்லை. அங்கே எழுபது பேருக்கு மூன்று. இத்தனை வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த ஒப்பீடு, எந்த அறிக்கையிலும் கிடைக்காதது, ஒரு மடிப்பு மேசையின் முன்னால் தானாகக் கையில் விழுந்தது. தலைக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள் தலையை எண்ணித்தான் வகுக்கிறார்கள். அந்தத் தலைகளில் பன்னிரண்டாவது, நான் கொண்டுவந்த பொய்த் தலை.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன். மாணவர் கையெழுத்து என்ற இடத்தைக் காய்ச்சல் விட்டதும் நிரப்பிக்கொள்ளலாம் என்றார் டீச்சர். வெளியே வந்தபோது அரைக் கிலோமீட்டர் ஓடியவனைப் போல மூச்சு வாங்கியது. இரண்டு வாரத்தில் மகள் மனம் மாறிவிட்டால் இடம் தயார். மாறாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

5

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை. கமலா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தர்ஷினி சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து போலிடெக்னிக் பதிவை முடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை நேரில் போய்ச் சேர வேண்டும். பேருந்தில் ஐந்து மணி நேரத் தூரம். விடுதிக்கு வாளி, மெத்தை விரிப்பு எல்லாம் வாங்கிக் கூடத்தில் அடுக்கியாகிவிட்டது.

"பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எப்ப ஸ்கூல்ல சேர்ந்தேன்?"

"ஏழு வயசுல."

"இல்ல பா. இப்ப. 'நீங்கள் ஏற்கனவே ஓர் அரசுப் பள்ளியில் மாணவராகப் பதிவாகியிருக்கிறீர்கள், அங்கிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவந்தால் மட்டுமே சேர்க்க முடியும்'னு வருது. ஃபார்ம் சிக்ஸ். பள்ளிக்கூடத்துப் பேரும் போட்டிருக்கு. யாரோ தப்பா என் ஐசி நம்பரை அடிச்சிருக்காங்க போல."

நான் ஏர்கானைப் பார்த்தேன். அது சொட்டிக்கொண்டிருந்தது. கமலா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களுக்கு இடையில் ரகசியம் என்பது அதிகபட்சம் நாலு விநாடி.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் கமலா.

சொன்னேன். துண்டு, காலி இருக்கை, மதுரை, வாடகை வீடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். பதினெட்டு வருடத் திட்டத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தர்ஷினி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணினியை மெதுவாக மூடினாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல பா."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"கடிதம் இல்லாம திங்கக்கிழமை போனா சேர்க்க மாட்டாங்க. என் இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. தெரியுமா?"

தெரியாது. ஒரு இடத்தைப் பிடித்தால் இன்னொரு இடம் போய்விடும் என்ற விதி எங்கள் பேருந்துகளில் இல்லை.

"எனக்கு இந்தியா போய்ப் படிக்கணும்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள். "விடுமுறைக்கு வர்றேன். சாந்தி அத்தை வீடு ரொம்பப் பிடிக்கும். ஆனா அங்க போனா எல்லாரும் 'எப்ப வந்த, எப்ப போற'ன்னுதான் பா கேக்கறாங்க. உங்களையும் அப்படித்தான் கேக்கறாங்க. நீங்க கவனிக்கல."

கவனித்திருக்கிறேன். வேறு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

கமலா எழுந்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு ஒரு கால் அங்க, ஒரு கால் இங்க. அது உங்க கால், நான் ஒண்ணும் கேக்கல. இப்ப எதுக்கு லா பிள்ளையோட காலைத் தூக்கி அங்க வைக்கிறீங்க?"

அன்று யாரும் என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தார்கள். மூவரும் சாப்பிட்டோம். சண்டை போட்டிருக்கலாம்.

6

வியாழக்கிழமை பள்ளிக்குத் தொலைபேசியில் கேட்டேன். கடிதம் தர வேண்டிய பள்ளி முதல்வர் வெளியூர்க் கூட்டத்தில். வெள்ளிக்கிழமை காலை வருவார். பத்தரைக்கு மறுபடியும் வெளியே போய்விடுவார். வெள்ளியை விட்டால் அடுத்து திங்கள். ஞாயிறு காலை அவளுக்குப் பேருந்து.

வெள்ளிக்கிழமை எட்டரைக்குக் கிளம்பினோம். பல்கலைக்கழக வாசலில் வழக்கமான நெரிசல். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் காரில் இத்தனை வருடம் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பள்ளியிலிருந்து அவளை விடுவிக்கப் போவது இதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் புஷ்பா டீச்சரே இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஓ, நீதான் தர்ஷினியா? வா வா. காய்ச்சல் விட்டுச்சா மா?"

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் உதட்டில் ஏதோ அசைந்தது.

"காய்ச்சல் எனக்கு இல்ல டீச்சர். அப்பாவுக்கு."

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். டீச்சர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மேசையில் இருந்த பெயர்ப்பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரியின்மேல் ஒரு கோடு போட்டார். பன்னிரண்டு பதினொன்றானது. பத்து நாளாக அவரிடம் ஒரு வகுப்பு கொஞ்சம் பத்திரமாக இருந்தது. அதை நான்தான் கொடுத்தேன், நான்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வகுப்பை ஓட்ட ஆகும் செலவில் இப்படிப்பட்ட அப்பாக்களால் ஆகும் செலவையும் எந்த அரசாவது சேர்க்கிறதா என்று தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள் தர்ஷினி. நான் சொல்ல வேண்டியதை அவள் முந்திக்கொண்டாள்.

"உன்மேல என்ன மா தப்பு? என்ன படிக்கப் போற?"

"குளிர்பதனம். ஏர்கான்."

"நல்ல படிப்பு. வெப்ப இயக்கவியல் வரும், ஒழுங்கா படி. அதுவும் இயற்பியல்தான்." டீச்சர் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க நிரப்புங்க. சீக்கிரம், முதல்வர் கிளம்பிடுவார்."

மாணவர் பெயர், அடையாள அட்டை எண், வகுப்பு. எல்லாம் வந்தது. ஏழாவது வரியில், பள்ளியை விட்டு நிற்பதற்கான காரணம். கீழே இரண்டு வரி காலி. என் மலாய் சாப்பாட்டுக் கடைக்கும் அலுவலக வரவேற்பறைக்கும் போதுமான மலாய். வாக்குமூலம் எழுதிப் பழக்கமில்லை. யோசித்து யோசித்து எழுதினேன்: 'இந்த மாணவி இங்கே சேரவே இல்லை. சேர்ந்தவர் இவருடைய தந்தை.'

டீச்சர் வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பக்கத்து மேசையில் இருந்த மலாய் எழுத்தரிடம் காட்டினார். அந்த அம்மாள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"அண்ணே, இதைப் பார்த்தா நிக்கிறது பிள்ளை இல்ல, நீங்கதான்."

தர்ஷினி என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். நான் எழுதியதன்மேல் நேராக ஒரு கோடு. அதன் கீழே மலாயில் இரண்டே சொல்: மேற்கொண்டு படிக்க. தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க பா."

போட்டேன். தேதியை அவளே எழுதிக்கொண்டாள். முதல்வர் அறையைக் காட்டினார் டீச்சர். நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க பா. நான் வாங்கிட்டு வர்றேன்."

நடைபாதையில் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் நாற்காலி வரிசை இருந்தது. உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. முதல்வர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள், எனக்கு வராத வேகத்தில், நடுவில் யோசிக்காமல், ஏதோ ஒரு இடத்தில் அவரைச் சிரிக்கவும் வைத்து. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பிறகு பேச்சு நின்று, தாளில் முத்திரை விழுந்தது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை. அது மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது.